பதிவேட்டில் 140 பேர், மையத்தில் 35 பேர்: எதை மதிப்பிடுவது?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு அறக்கட்டளையின் இளைஞர் மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாலை ஆறரை முதல் எட்டரை வரை திறந்திருக்கும். 15 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு டியூஷன், தையல், கம்ப்யூட்டர், கேரம். பதிவேட்டில் 140 பேர் இருக்கிறார்கள், ஒரு நாளைக்கு 35 பேர் வந்தால் அதிகம். தையல் முடித்த 26 பெண்களில் தையல் வேலைக்குப் போனது 4 பேர்தான். நிதி தருபவர்கள் ஐந்து மாதத்தில் மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறார்கள். படிவம் கொடுத்தால் எல்லோரும் "மிக நன்று" என்று டிக் அடிக்கிறார்கள். ஒரு பேராசிரியர் "மானுடவியல் முறையில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படித்தது பி.காம். என்னால் முடியுமா? எங்கே தொடங்குவது?

— ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

வணக்கம். உங்களால் முடியும். பி.காம். படித்ததற்காகத் தயங்க வேண்டாம். தேதிவாரியாகப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள், எல்லோரும் போட்ட டிக்கை அப்படியே நம்பாமல் எனக்குக் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அதுதான்.

பேராசிரியர் சொன்ன முறை அடிப்படையில் எளிது. மனிதர்கள் புழங்கும் இடத்தில் போதுமான நாள் கூடவே இருக்க வேண்டும். அவர்கள் செய்வதைப் பார்த்து, சொல்வதைக் கேட்டு, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915-க்கும் 1918-க்கும் இடையில் பசிபிக் பெருங்கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டுத் தங்கிச் செய்ததும் இதுதான். நம் நாட்டு மானுடவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் தங்கிச் செய்ததும் இதுதான். உங்களுக்கு இன்னும் பக்கத்தில், 1960-களின் நடுவில் காங்கேயம் பகுதி ஓலப்பாளையத்தில் ப்ரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் தங்கி, கொங்கு நாட்டுச் சமூக வாழ்வைப் பதிவு செய்திருக்கிறார். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பிடித்து வைத்தவரும் அவர்தான்.

அவர்களுக்குக் கிடைத்த அளவு காலம் உங்களுக்கு இல்லை, தேவையும் இல்லை. நீங்கள் ஒரு ஊரையே எழுதப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு விடை: இந்தப் பிள்ளைகள் உங்கள் மையத்தை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்? தையல் வகுப்பு தையல்காரர்களை உருவாக்க, டியூஷன் பத்தாவது பாஸ் செய்ய, கேரம் பொழுதுபோக்க என்று அறக்கட்டளை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டது. பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்களா என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரே விஷயத்துக்கு இரண்டு தரப்பில் இரண்டு அர்த்தம் இருப்பதை உங்கள் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தறிப்பட்டறை "பாக்கி" ஒன்று போதும். குமாரபாளையம் தறித் தொழிலாளர்களிடையே கெர்ட் டி நெவ் என்ற மானுடவியலாளர் 1990-களில் செய்த கள ஆய்வில் இதை விரிவாகப் பார்க்கலாம். ஆள் போகாமல் இருக்க முன்பணம் கொடுப்பதாக முதலாளி நினைக்கிறார். தொழிலாளியோ அதைக் கேட்டு வாங்குகிறார், வேறு பட்டறையில் கூடுதல் பாக்கி தந்தால் பழையதை அடைத்துவிட்டு நகர்ந்தும் விடுகிறார். முதலாளியிடம் மட்டும் பேசியிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். உங்கள் மையத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட அறிக்கைகளும் நிர்வாகம் சொன்ன பாதிக் கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வாரம் எங்கும் போக வேண்டாம். பதிவேட்டை எடுத்துக் கிழமைவாரியாக, மாதவாரியாகப் பிரித்துப் போடுங்கள். எந்தக் கிழமை கூட்டம் குறைகிறது? சனிக்கிழமை என்றால் அது சம்பள நாள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் காலை எட்டரைக்கு உள்ளே போன பையன் வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். அப்போது நீங்கள் மையத்தைப் பூட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆர்டர் மும்முரமாக இருக்கும் மாதத்தில் வருகை சரிந்திருந்தால், அதைப் பிள்ளைகளின் ஆர்வக் குறைவு என்று எழுதுவது நியாயமில்லை. தீபாவளி, பொங்கலுக்கு வெளிமாவட்டக் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும், சிலர் திரும்பி வரும்போது வேறு ஏரியாவில் வீடு பிடித்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். அந்த 140-இல் எத்தனை பேர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே உங்கள் முதல் கண்டுபிடிப்பாக இருக்கலாம்.

அப்புறம்தான் உட்கார்ந்து பார்ப்பது. வாரம் இரண்டு மாலை போதும், கிழமையை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். அன்று நீங்கள் வருகை எடுக்கக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது, யாரையும் அதட்டக் கூடாது. நோட்டும் பேனாவுமாக மூலையில் உட்கார்ந்தால் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடும். சின்னக் குறிப்புகளை மட்டும் அங்கே எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் அன்றிரவே விரிவாக எழுதுங்கள். மறுநாளைக்கு வைத்தால் பாதி போய்விடும்.

எப்படி எழுதுவது என்பதில்தான் புதிதாகத் தொடங்கும் பலரும் சறுக்குகிறார்கள். "இளைஞர்கள் ஆர்வத்துடன் கேரம் விளையாடினர், நட்புணர்வு நிலவியது" என்று எழுதினால் அதை எங்கிருந்தும் யாரும் எழுதியிருக்கலாம். கீழே இருப்பது நான் மாதிரிக்கு எழுதிய குறிப்பு:

"ஏழு பத்து. கேரம் போர்டைச் சுற்றி ஆறு பேர், ஆடுவது நாலு பேர். நீலச் சட்டை போட்ட பையன் உள்ளே வந்தான். ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தும் அவன் உட்காரவில்லை. நின்றபடியே, 'அங்க பீஸ் ரேட்டு எவ்வளவு போடறாங்க?' என்றான். பதில் சொன்னவன் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'ஓவர்லாக்குக்கு ஆள் கேக்கறாங்க, திங்கக்கிழமை எங்கூட வா.' இன்னொருவன், 'அந்தக் கம்பெனில சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமை வராது' என்றான். ஏழரைக்கு நீலச் சட்டைக்குப் போன் வந்தது. 'மையத்துலதாம்மா இருக்கேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். டியூஷன் அறைப் பக்கம் திரும்பவே இல்லை."

இதில் "நட்புணர்வு" என்ற சொல்லே இல்லை. ஆனால் கேரம் போர்டைச் சுற்றி வேலைச் செய்தி கை மாறுகிறது, எந்தக் கம்பெனியை நம்பலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது, மையம் என்ற பெயரைச் சொன்னால் வீட்டில் கேள்வி எழுவதில்லை என்பதெல்லாம் தெரிகிறது. ஒரு மாலையை வைத்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு வேறு பிள்ளைகளிடம், வேறு வேறு நாளில் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அப்போது அவர்களிடமே கேளுங்கள்: "இங்க வந்து எத்தனை பேருக்கு வேலை மாற வழி கிடைச்சிருக்கு?" உங்கள் வேலைவாய்ப்புக் கணக்கில் ஏறாத ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கலாம்.

நோட்டில் பார்த்தது, கேட்டது, நான் நினைப்பது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். "அவனுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்பது மூன்றாவது பத்திக்குரியது, முதல் பத்தியில் வரக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறு தானாகக் குறையும்.

இப்போது தையல் வகுப்பு. 26-இல் 4 என்பதைப் படித்தவுடன் நிதி தருபவர்கள் வகுப்பை நிறுத்தச் சொல்வார்கள் என்று பயப்படுகிறீர்கள், அது கடிதத்தில் தெரிகிறது. மீதி 22 பேரையும் தேடிப் பாருங்கள். சிலர் பனியன் கம்பெனியில் இருப்பார்கள், ஆனால் செக்கிங்கிலோ கைமடியாகவோ (உதவியாளாக) இருந்தால் "தையல் வேலை" என்ற கட்டத்தில் டிக் விழாது. சிலர் வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைப்பார்கள், அதை அவர்களே வேலை என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் வகுப்பில் இருப்பது கால் மெஷினா என்றும் பாருங்கள். கம்பெனியில் ஓடுவது பவர் மெஷின். அதன் வேகத்துக்குக் கை பழகவில்லை என்றால் முதல் வாரத்திலேயே பயந்து திரும்பிவிடுவார்கள். இது பெண்களின் குறையாகாது, வகுப்பின் குறை. அறிக்கையில் நேரடியாகவே எழுதுங்கள்.

இன்னும் சில பேரிடம் வேறு பதில் வரும். "தையலுக்குப் போறேன்" என்று சொன்னால்தான் வீட்டில் வெளியே விடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் அந்தப் பெண்ணுக்குத் தோழியோடு சத்தமாகச் சிரிக்கவும், மேலே படிக்கலாமா என்று பேசவும், வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றி யாரிடமாவது மனம் விட்டுச் சொல்லவும் கிடைக்கும் நேரம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. என்னைக் கேட்டால், அப்படி ஓர் இடத்தைத் தருவதற்காகவே அந்த வகுப்பை நடத்தலாம்.

ஆனால் இதை எப்படி எழுதுவது என்பதில் மிகவும் கவனமாக இருங்கள். "பெண்கள் தோழிகளைச் சந்திக்கவே தையல் வகுப்புக்கு வருகிறார்கள்" என்று ஒரு வரி அறிக்கையில் ஏறி, அது எப்படியோ ஊருக்குள் கசிந்தால் அடுத்த வாரம் வகுப்பு காலி. அப்பாவோ அண்ணனோ "இனிப் போக வேண்டாம்" என்று சொல்ல அந்த ஒரு வரி போதும். நீங்கள் உண்மையைத்தான் எழுதியிருப்பீர்கள், ஆனால் அதற்கான விலையை அந்தப் பெண் கொடுப்பாள். பெயரை மாற்றினாலும் போதாது. சின்ன ஊரில் "பதினெட்டு வயது, இரண்டு தம்பிகள், அப்பா லாரி டிரைவர்" என்றாலே யார் வீட்டுப் பெண் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடையாளம் தரும் விவரங்களைக் கலந்துவிடுங்கள், தேவைப்பட்டால் விட்டேவிடுங்கள். "வீட்டுக்கு வெளியே இளம்பெண்கள் பாதுகாப்பாகக் கூடிப் பேச இந்தப் பகுதியில் வேறு இடம் இல்லை, மையம் அந்த இடத்தைத் தருகிறது" என்று பொதுவாக எழுதினால் உண்மையும் குறையாது, யாருக்கும் கேடும் வராது.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எதற்காகப் பார்க்கிறீர்கள், யார் படிப்பார்கள் என்பதை வாயால் விளக்கிச் சொல்லுங்கள். பேச விருப்பமில்லை என்றாலும் மையத்துக்கு வழக்கம்போல வரலாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்குப் பாலியல் துன்புறுத்தல் ஏதேனும் நடந்தது தெரிய வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், யாரிடம் போவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்து வையுங்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை வேலைக்குப் போவது தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் அறக்கட்டளையோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதுகொண்டு முன்னால் நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

அடுத்தது, வராதவர்கள். வெளியிலிருந்து ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்னென்ன கண்ணில் படாமல் போகிறது என்று கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் எழுதினார். தார் ரோட்டை ஒட்டிய இடங்களையே பார்ப்பார்கள். திட்டம் நடக்கும் இடத்துக்கே போவார்கள். ஆண்களையும், வசதியானவர்களையும், நன்றாகப் பேசத் தெரிந்தவர்களையுமே சந்திப்பார்கள். மழைக்காலத்தில் வர மாட்டார்கள். மரியாதை கருதிச் சங்கடமான கேள்விகளைக் கேட்க மாட்டார்கள். உங்கள் மையத்தையும் இப்படி வைத்துப் பாருங்கள். கட்டிடம் எந்தத் தெருவில் இருக்கிறது? காலனியிலிருந்து வரும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், தண்ணீர் எந்த டம்ளரில் குடிக்கிறார்கள்? காலனிக்காரர்கள் அங்கே வரத் தயங்குகிறார்களா, வந்தவர்கள் சில நாளில் நின்றுவிட்டார்களா? சாதியைப் பற்றிப் படிவத்தில் கேட்டால் "அதெல்லாம் இங்க இல்லைங்க" என்றுதான் பதில் வரும். யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பல மாலைகள் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். லைன் வீடுகளில் இருக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளையும் தேடுங்கள். தனியாக வந்து நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பதினெட்டு வயதுப் பையன் உங்கள் மையம் குறிவைக்கும் வயதுக்காரன்தான். அவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. மையத்துத் தரையில் கோலமாவைக் கொடுத்துப் பிள்ளைகளையே ஊர்ப்படம் போடச் சொல்லுங்கள். பையன்கள் ஒரு குழு, பெண்கள் தனிக் குழு. தினமும் போகும் வழி, போகவே போகாத தெரு, இருட்டினால் தவிர்க்கும் இடம், நண்பர்களைப் பார்க்கும் இடம். நீங்கள் பேசாமல் நில்லுங்கள். படத்தைவிட, போடும்போது அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் முக்கியம். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரவு எட்டரைக்கு வகுப்பு முடிவது பெண்களுக்கு என்ன அர்த்தம் என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

படிவத்தில் எல்லோரும் "மிக நன்று" போட்டதற்குக் காரணம், கேட்டது நீங்கள் என்பதுதான். சான்றிதழ், சுண்டல், கேரம் போர்டின் சாவி எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. உங்களை வருத்தப்படுத்த யாருக்கும் மனம் வராது, அதிலும் கொங்கு மண்ணில். எனவே தனியாகப் பேசும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள். கோவை, ஈரோடு பக்கக் கல்லூரிகளில் சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்குக் களப்பயிற்சி கட்டாயம், அவர்களில் ஒருவரைக் கேட்கலாம். மையத்தில் முன்பு இருந்து இப்போது வேலைக்குப் போகும் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாத தொகை கொடுங்கள், சேவை என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். கேள்வியையும் மாற்றச் சொல்லுங்கள். "மையம் எப்படி இருக்கிறது?" என்று கேட்காமல், "போன செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தாய், சொல்" என்று கேட்கலாம். அந்த நாளில் மையம் எங்கே வருகிறது, வருகிறதா இல்லையா என்பதே விடை.

எண்களைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது பேரோடு ஆழமாகப் பேசிவிட்டு "இளைஞர்களில் 60 சதவீதம்" என்று எழுத முடியாது, கூடவும் கூடாது. எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடும், ஏன், எப்படி என்பதற்குக் கள நோட்டும் பதில் சொல்லும். ஆனால் ஒரே எண்ணில் பணத்தைக் கட்டிவைப்பதில் ஆபத்து இருக்கிறது. உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களிலேயே சொன்னார்: ஓர் எண்ணை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க, அந்த எண்ணை வளைக்கும் நெருக்கடியும் கூடும். அடுத்த ஆண்டு நிதி, வேலைக்குப் போனவர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், எப்படியும் வேலைக்குப் போகக்கூடிய பிள்ளைகளையே நீங்கள் சேர்க்கத் தொடங்குவீர்கள். தறி வீட்டில் தார் (நூல் கட்டை) சுற்றிவிட்டு ஏழரைக்கு ஓடிவரும் பையன் மெதுவாக வெளியே போய்விடுவான். இதை நிதி தருபவர்களிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே சேர்த்துப் பார்க்கச் சில எண்களையும் முன்வையுங்கள்: மூன்று மாதம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், இன்னொருவரைக் கூட்டி வந்தவர்கள், சிக்கல் என்றால் மையத்தில் ஒருவருக்குப் போன் செய்தவர்கள்.

அறிக்கை பெரிதாக வேண்டாம். எண்களுக்கு இரண்டு பக்கம், களத்தில் பார்த்ததற்குப் பத்துப் பக்கம், மாற்ற வேண்டியதற்கு ஒரு பக்கம். நேரத்தை ஒன்பதரை வரை நீட்டுவதா, பெண்களுக்கு ஞாயிறு பகலில் வகுப்பு வைப்பதா, பவர் மெஷின் வாங்குவதா என்பதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தில் வரும். வெளியே அனுப்புமுன் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். "இது அப்படி இல்லைங்கக்கா" என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். திருத்த முடியாத கருத்து வேறுபாடாக இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

ஐந்து மாதத்தில் முதல் மூன்றைக் களத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறைந்தது ஒரு மாதம் ஆர்டர் மும்முரமான காலத்தில் வரட்டும். தீபாவளி வாரத்திலோ ஊர் நோம்பி (திருவிழா) சாட்டிய நாட்களிலோ பார்த்ததை வைத்து மற்ற நாட்களைக் கணிக்க வேண்டாம், ஆனால் அந்த நாட்களிலும் ஒரு மாலை போய் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதி வையுங்கள். நான்காவது மாதத்தில் முதல் வரைவு முடிந்தால், அதிலிருந்து பெயர், ஊர் விவரங்களை எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் குறிப்பெழுதித் தருகிறேன்.